நாடாவின் கடைசி நிமிடங்கள்

ஒலிநாடா என்றதும் நம் நினைவுக்கு வருவது பாட்டுத்தான். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது நோக்கம் வேறாயிருந்தது. பெல்ஜியத்தின் ஹாசல்ட் ஆலையில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு செய்ய முனைந்தது, கோட்டுப் பைக்குள் அடங்கும் பேச்சுப் பதிவுக்கருவியை. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பேச்சுக்கு அது போதும். இசைக்குப் போதுமானதாக்கப் பின்னர் பல திருத்தங்கள் தேவைப்பட்டன.

1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடா சென்ற தமிழரால் அந்த முதல் நோக்கம் நம் ஊர்களில் நிறைவேறியது. தொலைபேசி எட்டாத வீடுகளுக்கு, விடுப்பில் திரும்புவோர் கையில் கேசட் கொடுத்தனுப்புவார்கள். எழுத்தறியாத தாயும் மறுமொழி பேசி அனுப்பலாம். எழுத்தாளர்களின் கடிதங்களைத் தொகுத்துப் போற்றும் நம் இலக்கிய உலகம் இவற்றை ஆவணமென்று எண்ணவேயில்லை என்பது எங்கள் மனக்குறை.

கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் உண்டு. உடைத்துவிட்டால் மறுபதிவு செய்ய இயலாது. ஆனால் புது நாடா வாங்கக் காசில்லாத வீடுகளில் அந்தத் துளையைக் காகிதம் திணித்து அடைத்து, மகனின் குரல் மேலேயே இலங்கை வானொலிப் பாடல்களைப் பதிந்தார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நாங்களும் செய்தவர்களே.

சென்ற ஆண்டு நண்பர்கள் மூவர் சேர்ந்து வீட்டிலிருந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினோம். டேப்ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள், ஹெட்டைத் துடைக்கச் சிறிது ஆல்கஹால். வேறொன்றும் வேண்டியதில்லை, பொறுமையைத் தவிர. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடமும் ஆகும். ஆகவே உறையில் எழுதியிருந்த பாடல்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவோம். ஒருநாள் நிறுத்த மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். கடைசிப் பாடல் ஓய்ந்து 'டக்'கென்று ஓர் ஒலி. பிறகு, எங்களில் ஒருவரின் மறைந்த பெரியப்பா பேசினார்: "ஆத்தா, கெணறு தூர் வாரியாச்சா?"

நான்கு நிமிடம். அழிபடாது எஞ்சியது அவ்வளவே.

இரைச்சலை நீக்கிப் பார்த்தோம். அதனோடு அவர் அறையில் ஓடிய ஏர்கண்டிஷனரின் உறுமலும் போய்விட்டது. குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் ஆயிற்று. நீக்காத பதிவையே, சுருக்காத வேவ் கோப்பாக, இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம்.

பாதியில் நிறுத்தியவற்றை இப்போது இருபுறமும் கடைசிவரை ஓட்டி வருகிறோம். ஏழு முடிந்தன, பதினொன்று பாக்கி.