அடிக்கு முன்னால் ஒரு சலசலப்பு

என் கணினியில் 31 நிமிட ஒலிக்கோப்பு ஒன்று இருக்கிறது. 1989-இல் கெடாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தாத்தா உறுமி வாசித்ததை மாமா கேசட்டில் பிடித்தார். 2003 வாக்கில் அவரே அதை எம்பி3 ஆக்கினார். 15 மெகாபைட்தான். அதில் பக்கத்தில் ஒலிக்கும் தப்பு ஒவ்வொரு முறை அதிரும் முன்பும், மணலைத் தேய்ப்பதுபோல ஒரு சலசலப்பு வரும். கேசட் இரைச்சல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கேசட் இரைச்சல் விடாமல் கேட்கும். இது அடிக்கு முன்னால் மட்டும் வருகிறது. கோல் தோலைத் தொடும் முன்பே சத்தம் எப்படிக் கேட்கும்?

பல்கலைக்கழகத்தில் சிக்னல் புராசசிங் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. அது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் தொடங்குகிறது. 1970-களில் அங்கே டீட்டர் சைட்ஸர் என்ற பேராசிரியர், தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப விரும்பினார். நடக்காத காரியம் என்று காப்புரிமை அதிகாரி மறுத்துவிட்டார். சைட்ஸரின் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதை ஆய்வாக எடுத்துக்கொண்டார்.

சிக்கல் இதுதான். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதும். இரண்டு தடத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட். அன்றைய ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்பிலோ ஒரு தடத்துக்கு 64, இரண்டும் சேர்ந்தால் 128. பதினொன்றில் ஒரு பங்கு! மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். எதைப் போடுவது? பெரிய ஒலிக்குப் பக்கத்தில் சின்ன ஒலி காதில் விழாது. அதைப் போடு. எம்பி3-யின் அடிப்படை யோசனை இவ்வளவுதான்.

யாருடைய காது என்பது அடுத்த கேள்வி. சுசான் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாடலைச் சுருக்கிக் கேட்டபோது குரல் சிதைந்துபோயிருந்தது. அதைக் கேட்கும்படி ஆக்கும்வரை பிராண்டன்பர்க் திருத்திக்கொண்டே இருந்தார்.

குரலுக்கு அடுத்த தலைவலி தாளம். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும். சுருக்குவதால் உண்டாகும் பிழை, துண்டு முழுக்கப் பரவிவிடும். துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், அதற்கு முன்னிருக்கும் அமைதியிலும் பிழை கேட்கும். பொறியாளர்களுக்கு இது தெரியும். ஸ்பெயின் நாட்டுக் கைக்கட்டையான காஸ்டனெட்டை வைத்துச் சோதித்தார்கள். திடீர் அடி வந்தால் துண்டை மூன்றில் ஒன்றாகக் குறுக்கும் வழியும் தரத்திலேயே உண்டு. ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுருக்கும் மென்பொருளின் வேலை. இலவசமாகக் கிடைத்த எல்லா மென்பொருளும் அதை ஒழுங்காகச் செய்யவில்லை.

அன்றைக்கு வீட்டில் நாங்கள் கேட்டதும் பார்த்ததும் எல்லாமே இப்படி வெட்டிச் சுருக்கியவைதாம். அப்பா ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கி ஐந்து ஸ்பீக்கர் மாட்டினார். ஓடியதெல்லாம் விசிடி. அதில் இருப்பது எம்பி3-க்கு அண்ணன் முறையான லேயர் 2, நொடிக்கு 224 கிலோபிட், இரண்டே தடம். பின்னால் இருந்த ஸ்பீக்கர்களில் வந்தது பெட்டியின் ஊகம். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மாமாவிடம் மட்டும் கேட்டேன். எதையும் வெட்டாமல் சுருக்கும் ஃபிளாக் 2001-லேயே வந்துவிட்டதே?

“டேய், 200 கேசட்டுடா. என்கிட்ட இருந்தது 20 ஜிபி. நீயே கணக்குப் போடு.”

போட்டேன். ஃபிளாக்கில் எப்படியும் 60 ஜிபி தாண்டும். 64 கிலோபிட்டில் 6 ஜிபிகூட வராது. அவர் செய்தது சரியான கணக்கு. கேசட்டுகளைக் குப்பையில் போட்டதுதான் தப்பு. வெட்டியது இனி அந்தக் கோப்புக்குள் திரும்பாது.

அன்றைக்குத் தப்படித்தவருக்கும் ஒரு பிரதி கொடுத்ததாக மாமாவுக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் சுங்கை பட்டாணியில் அவர் மகன் வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டின்னில் இருந்தது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. மேசையில் வைத்திருக்கிறேன். சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை ஓட்டிப் பார்க்கப் போவதில்லை.