குறிப்பேட்டோடு வாசலுக்கு வந்தவர்கள்

1946 மார்ச் 3ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் பிறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு, எட்டு வாரம் கழித்து ஒரு பெண்மணி அச்சடித்த கேள்வித்தாளோடு வந்தார். பிரசவத்துக்கு எவ்வளவு செலவானது, வலி தெரியாமலிருக்க ஏதாவது கொடுத்தார்களா, உள்ளாடைக்கும் இரவு உடைக்கும் எவ்வளவு போனது, நீங்கள் படுக்கையில் இருந்த நாட்களில் உங்கள் கணவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு இன்று சிரிப்புதான் வரும். அன்று அது நியாயமான கேள்வி. 13,687 தாய்மார்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி, வேலை, கல்யாணம், முதுமை என்று இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். ஒரு நாடு முழுவதிலிருந்தும் ஆளெடுத்துப் பிறந்த நாளிலிருந்து தொடரும் ஆய்வுகளில் இதைவிட நீண்டது வேறில்லை.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவரிலிருந்து தொடங்குவது வழக்கம். போர்க் காலத்தில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களின் கணக்கெடுத்துப் பழகியவர் அவர். முப்பதுகளில் பிறப்பு விகிதம் சரிந்ததைப் பார்த்து நாடு கலங்கியிருந்தது. பிள்ளை பெறும் செலவுக்குப் பயந்துதான் குடும்பங்கள் சுருங்குகின்றனவா என்று கண்டறியும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 13,687 கதவுகள் அவருக்காகத் திறக்கவில்லை. கதவைத் தட்டியவர் ‘ஹெல்த் விசிட்டர்’ என்னும் உள்ளாட்சி ஊழியர். அந்தத் தெருவில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவர். பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராயும் அறிவியல் தன் கருவிகளையும் கேள்வித்தாள்களையும் பற்றி நிறையப் பேசும்; அது உண்மையில் நிற்பது ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கத்தின் மேல், அதாவது தெரிந்த முகம் ஒன்று வீட்டுக்கு வந்துபோகும் பழக்கத்தின் மேல் என்பது என் வாதம்.

அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 1862இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதிகளில் சீமாட்டிகள் நடத்திய சுகாதாரச் சங்கம் ஏழைத் தெருக்களுக்குப் பெண்களைச் சம்பளத்துக்கு அனுப்பத் தொடங்கியது. நூற்றாண்டு திரும்பிய சமயத்தில் இங்கிலாந்தில் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சுமார் 150 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போனார்கள். போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களில் பலர் உடல் தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது அரசை உலுக்கியது. ஹட்டர்ஸ்ஃபீல்டு மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், தான் பதவியில் இருக்கும் காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வயதை எட்டினால் ஒரு பவுன் தருவதாக 1904இல் வாக்களித்தார். இந்தப் பவுனைவிடப் பெரிய காரியம் பிறப்பை உடனே தெரிவிக்கச் செய்தது. பிறந்த சேதி எட்டினால்தானே ஆள் போய்ப் பார்க்க முடியும்? 1907இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1915இல் அது எல்லா ஊர்களுக்கும் கட்டாயமானது. ஆக, டக்ளஸ் கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, பிள்ளை பிறந்த வீடு எது என்பது ஊர் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. அங்கே போக ஓர் ஆளும் இருந்தார். ஆய்வு அந்த ஆளைக் கடன் வாங்கிக்கொண்டது.

இதை நம்பிக்கை என்று சொல்வது வெறும் பூசிமெழுகல், அது அதிகாரம்தான் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வரும் அரசு ஊழியர் கேள்வி கேட்டால், ஆலைத் தொழிலாளியின் மனைவி ‘முடியாது’ என்று சொல்வது எளிதாயிருந்திருக்காது. இன்று நாம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவமெல்லாம் அப்போது கிடையாது. யாரைக் கணக்கில் வைப்பது என்பதையும் குடும்பங்கள் தீர்மானிக்கவில்லை: கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைகளையும் இரட்டைப் பிள்ளைகளையும் பின்தொடரும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். உடலுழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளில் நாலில் ஒருவரைத்தான் எடுத்தார்கள். விவசாயக் கூலிகளின் பிள்ளைகளையும் அலுவலகச் சம்பளக்காரர்களின் பிள்ளைகளையும் முழுதாக எடுத்துக்கொண்டார்கள். பிந்தையதற்குப் புள்ளியியல் காரணம் சொல்ல முடியும். முந்தையது அந்தக் காலத்தின் வெட்கம். ஆய்வின் மேல் அது இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஆனால் அதிகாரம் முதல் வருகையை விளக்கும். இருபதாவது வருகையை விளக்காது. பதில் சொல்லாவிட்டால் தண்டனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பின் ஹெல்த் விசிட்டரும் இல்லை, பள்ளி மருத்துவரும் இல்லை. விலக நினைத்தவர் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தாலே போதும். 1962 முதல் ஆய்வுக் குழு அவர்களுக்கு வருஷந்தோறும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பியது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பிறந்தநாள் என்பதால் வேலை சுலபம். ஐம்பத்து மூன்று வயதில் அவர்களில் 3,035 பேர் செவிலியரை வீட்டுக்குள் விட்டு ரத்த அழுத்தம் பார்க்கச் சம்மதித்தார்கள். இறந்தவர்களையும் கடல் கடந்து குடியேறியவர்களையும் கழித்துப் பார்த்தால் இது வியக்கத்தக்க எண்ணிக்கை. எழுபதை ஒட்டிய வயதில் 502 பேர் மூளைப் படம் எடுத்துக்கொள்ள லண்டன் வரை வந்தார்கள். எழுபது வருஷத்துக்கு முன் தன் அம்மாவிடம் கேள்வி கேட்ட ஒரு பெண்மணிக்குப் பயந்து யாரும் ஸ்கேன் குழாய்க்குள் போய்ப் படுக்க மாட்டார்கள்.

பழக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஒரு லட்சம் பிள்ளைகளை 21 வயது வரை தொடர்வதாகத் திட்டமிட்டார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, சில ஆயிரம் பிள்ளைகளோடு 2014 டிசம்பரில் மூடினார்கள். பிரிட்டனிலேயே 80,000 பிள்ளைகளைக் குறிவைத்து 2015 ஜனவரியில் ‘லைஃப் ஸ்டடி’ தொடங்கியது. கர்ப்பிணிகள் மருத்துவமனையில் அமைத்த மையத்துக்கு வந்து நீண்ட நேரம் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சேர்ந்தவர்கள் 249 பேர். அந்த ஆண்டே கடையைக் கட்டினார்கள். இங்கே என் வாதத்துக்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது: அமெரிக்கர்கள் முதலில் செய்தது வீடு வீடாகக் கதவைத் தட்டியதுதான். குலுக்கலில் விழுந்த தெருக்களில், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் இருக்கிறார்களா என்று முன்பின் தெரியாத ஆட்கள் போய்க் கேட்டார்கள். ஆகவே வாசலுக்கு வருவது மட்டும் போதாது. வருகிறவருக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஏதாவது வேலை இருக்க வேண்டும். ஆய்வு முடிந்தாலும் அவர் அந்தத் தெருவில் தென்பட வேண்டும்.

காலம் மாறிவிட்டது, இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் யாருக்கு நேரம், அந்தரங்கம் பற்றிய அச்சமும் கூடிவிட்டது, பழைய பழக்கம் இனி எடுபடாது என்று சொல்பவர்களுக்கு வேலூரைக் காட்டலாம். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இது புதிதல்ல. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பிள்ளைகளை அளந்து குறித்துவைத்தவர்கள், அவர்களில் 2,218 பேரை 1998க்குப் பின் தேடிப்பிடித்து, 26 முதல் 32 வயதுக்குள்ளேயே சர்க்கரைக் கோளாறு எந்த அளவு வந்துவிட்டது என்று கண்டார்கள். 2002இல் தொடங்கிய, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வு அதைவிடக் கடுமையானது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நெரிசலான குடிசைப் பகுதிகளில் 452 பிள்ளைகளைப் பிறந்தவுடன் சேர்த்து, மூன்று வயது வரை வாரத்துக்கு இருமுறை களப்பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். நன்றாக இருக்கும் பிள்ளையின் மலத்தையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்கிப்போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண், முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், போகும் நேரம் அவளுடைய நேரம், அதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. 373 பிள்ளைகள் மூன்று வருஷத்தை முடித்தார்கள்.

இப்படிக் கிடைத்த முடிவு ஒன்று மருத்துவ உலகம் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. மெக்சிகோவில் முன்பு 200 பிள்ளைகளைத் தொடர்ந்தபோது, இருமுறை தொற்று வந்தாலே கடுமையான நோய் அண்டாது என்று தெரிந்திருந்தது. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வாய்வழித் தடுப்பு மருந்து இங்கே ஏன் பணக்கார நாடுகளில் போல வேலை செய்யாது என்பதை இது முன்கூட்டியே சொன்னது. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. அறிகுறியே இல்லாத தொற்றுகள் வீட்டோடு நின்றுவிடுபவை.

வேலூரில் இலவச வைத்தியம் கிடைத்ததால்தான் ஏழைகள் சம்மதித்தார்கள், அதைப் பழக்கம் என்றும் நம்பிக்கை என்றும் அலங்கரிக்கலாமா என்பது கடைசி மறுப்பு. சம்மதித்ததில் வைத்தியத்துக்குப் பங்கு இருந்திருக்கும்தான். பிரிட்டனிலும் போர்க்காலத்திலிருந்தே பிள்ளை நல மையங்களில் ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்த் விசிட்டரை வரவேற்றதில் அவற்றுக்கும் பங்கிருக்கும். கொடுக்கல் வாங்கல் இருந்தால் நம்பிக்கை பொய்யாகிவிடும் என்ற எண்ணம், எதையும் கொடுக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்களுக்கே தோன்றும். உண்மையான ஆபத்து வேறு: வைத்தியத்தை நிறுத்திவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு தாய் ‘போதும்’ என்று சொல்ல முடியாமல் போவது. நெறிமுறைக் குழுக்கள் இலவசத்தை அளப்பதை விட்டு இதைக் கவனித்தால் நல்லது. வேலூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன என்றும் பார்க்கலாம். பிற்காலத்தில் டெல்லி, புனே, வேலூரில் 6,799 சிசுக்களிடம் சோதித்த ரோட்டாவேக் சொட்டு மருந்து 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு அடுத்த ஆண்டு வந்தது. பிறந்து சில வாரங்களில் கொடுக்க வேண்டிய மருந்து அது. வாரம் இருமுறை குறிப்பேட்டில் ஏறிய வேலூர்ப் பிள்ளைகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பங்குக்கென்று அவர்கள் கையில் வாங்கியது அந்த மூன்று வருஷ வைத்தியம் மட்டும்தான். அதையும் லஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.