தடத்துக்குப் பட்டா இல்லை

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள மலைப்பாதையில் சில இளைஞர்கள் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். எல்லாம் பழைய ஷ்வின் சைக்கிள்கள், முப்பது நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்தவை. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒருமுறை மலையிறங்கி முடிப்பதற்குள் சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் முழுக்க எரிந்து புகையாகிவிடும். புதிதாக கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஏறலாம். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக்கிங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாளிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அதே 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், கல்வராயன் மலை ஜாகிர்தாரர்களின் கையிலிருந்து தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது. தென்னாற்காட்டுப் பக்கம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்கள். சேலம் பக்கம் பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரண்டு. கிருஷ்ணதேவராயர் செப்பேடு கொடுத்து வழங்கிய உரிமை என்பது அவர்கள் மரபு. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்துத்தான் அந்த மலையில் ஜாகிர் ஆட்சி முடிந்தது.

இரண்டு நிகழ்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் மூங்கில்துறைப்பட்டிலிருந்து மலையடிவாரம் நோக்கி சைக்கிள் மிதிக்கும் எனக்கு இந்த இரண்டு 1976களும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

வெளியூர்க்காரர்களுக்கு மூங்கில்துறைப்பட்டு என்றால் சர்க்கரை ஆலை. கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் எங்கும் போக முடியும். ஊருக்குத் தென்பெண்ணை எல்லை. பெயரிலேயே மூங்கில் இருக்கிறது, ஆற்றுத் துறை இருக்கிறது. இன்றைக்குக் கண்ணுக்குப் படுவது கரும்பும் நெல்லும்தான். மூங்கிலைப் பார்க்க மேற்கே மலைக்குப் போக வேண்டும்.

மலைக்கு இப்போது தார்ச்சாலை உண்டு. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது. நான் சொல்ல வந்தது அந்தச் சாலையைப் பற்றி இல்லை. அதன் இரு பக்கமும் பிரிந்து புதருக்குள் நுழையும் ஒற்றையடித் தடங்களைப் பற்றி. ஒரு சிற்றூரிலிருந்து இன்னொரு சிற்றூருக்கு, சாமைக் காட்டுக்கு, ஓடைக்கு, கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு என்று மலை முழுக்கப் பின்னிக் கிடப்பவை அவைதான். ஒரு தடத்தின் வாயில் நின்று வழி கேட்டபோது ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "வழின்னா அரசாங்கம் போட்டது தம்பி. இது தடம். நாங்க நடந்து நடந்து ஆனது."

மவுண்டன் பைக் தடம் அமைக்கிறவர்களுக்கு என்று சில விதிகள் உண்டு. சரிவின் போக்கிலேயே நேராக இறங்கக் கூடாது, மழைத்தண்ணீர் அதையே ஓடையாக்கிவிடும். தடத்தின் ஏற்றம், அது குறுக்கிடும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீளவாட்டில் சராசரி ஏற்றம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. இடையிடையே சின்னதாக ஒரு மேடு வைத்தால் தண்ணீர் அங்கேயே பக்கவாட்டில் வடிந்துவிடும். கல்வராயனின் பழைய தடங்களில் தலைச்சுமையோடு ஏறுவதற்கென்று ஆனவை பல இந்த விதிப்படிதான் இருக்கின்றன. யாரும் மட்டம் பார்த்துப் போட்டதில்லை. கால் வலித்த இடத்தில் ஒருவர் சற்று ஒதுங்கி நடந்திருப்பார், அடுத்தவர் அதையே பிடித்திருப்பார். பல தலைமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்திய நிரல் என்று எங்கள் தொழில் பாஷையில் சொல்லலாம். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.

இங்கிலாந்தில் பதிவாகிறது. அங்கே 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருக்கும் நிலத்தைத் 'தொன்மைக் காடு' என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. ஓரளவு நம்பத்தக்க வரைபடங்கள் அந்தக் காலத்தில்தான் வரத்தொடங்கின, அதற்கு முன்னால் மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கமும் அரிது. இந்தக் காடுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் காட்டிய உண்மை ஒன்று முக்கியமானது. இவை மனிதக் கை படாத காடுகள் கிடையாது. ஊர்க்காரர்கள் மரங்களை அடியோடு வெட்டி, துளிர்க்கவிட்டு, சில வருஷம் கழித்து மறுபடி வெட்டி, விறகும் வேலிக்கழியும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பயன் இருந்ததால்தான் அவற்றை யாரும் அழித்து உழவில்லை.

அந்தக் காடுகளுக்குள் இன்று சைக்கிள் ஓடுகிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்தில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி நடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம், பொதுப்பாதைகள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்து வைக்கும்படி உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. 1968இல் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை கிடைத்தது. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை, அந்த வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. 20 வருஷம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல் மக்கள் நடந்திருந்தால், நிலக்காரர் அதைப் பொதுப்பாதையாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். காலடிக்கு அங்கே பத்திரத்தின் மதிப்பு.

இங்கே என்ன நடந்தது? 1871இல் சென்னை ராஜதானியின் வருவாய் வாரியம், தன் ஆளுகையில் ஏதோவொரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாக இல்லை என்றும், தேக்கு, சந்தனம் போன்றவற்றில் வாங்கும் பங்கைத் தவிர அரசு அண்மைக்காலம் வரை காடுகளில் சொத்துரிமை எதையும் கோரியதில்லை என்றும் எழுதியது. எழுதியவர்களும் வெள்ளைக்கார அதிகாரிகள்தான். ரயிலுக்கு மரமும் கஜானாவுக்கு வருமானமும் தேவைப்பட்ட காலம் அது. அந்தக் குரல் எடுபடவில்லை. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் ஊராரின் உரிமையை ஒரே அடியாக மறுக்கவில்லை. வேலை நடந்த விதம் வேறு. காப்புக்காடாக்கப் போகும் நிலத்தை அரசிதழில் அறிவிப்பார்கள். வழி உரிமை, மேய்ச்சல் உரிமை, நீருரிமை என்று எதுவானாலும் ஒரு கெடுவுக்குள் அதிகாரியிடம் போய்க் கோர வேண்டும். கோராத உரிமை இல்லாமல் போகும். இங்கிலாந்தில் சும்மா நடந்துகொண்டே இருந்தால் உரிமை உண்டாகிறது. அதே நாட்டார் இங்கே செய்த சட்டத்தில் சும்மா நடந்துகொண்டே இருந்தால் உரிமை போகிறது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு சமூகம் அரசிதழைப் பார்த்து, மனு எழுதி, கெடு முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினருக்கு இதோடு ஜாகிர் ஆட்சியும் சேர்ந்துகொண்டது. 1976க்குப் பிறகு அரசு வந்தது, ஆனால் அரசோடு வர வேண்டியவை எல்லாம் கூடவே வந்துவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஜாகிர் ஒழிந்து 48 வருஷம் ஆன பிறகும் சாலை எங்கே என்று நீதிபதிகள் கேட்க வேண்டியிருந்தது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்துகொண்டு நடந்தார். மலைத்தடம் என்பது அவர்களுக்கு அதுதான்.

2006இன் வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு கதவு இருக்கிறது. சாலை, பள்ளி, குடிநீர் உட்பட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு எடுக்கலாம். மக்கள் தங்கள் சமூக உரிமைகளைப் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. 1882 கேட்ட அதே மனுதான், இந்த முறை கிராம சபையின் கையில் பேனா.

இன்னொரு பக்கம் மலைத்தடங்கள் சுற்றுலாவாகிக்கொண்டிருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பணம் கட்டி முன்பதிவு செய்ய வைத்தது. சைக்கிள் தடங்களும் நாளை வரும். வரட்டும். உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் சம்பாதிப்பதை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்?

கேள்வி வரிசையைப் பற்றியது. என் போனில் கல்வராயன் தடங்களின் ஜிபிஎஸ் பதிவுகள் இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப் பத்து நிமிஷம் போதும். அந்த வரைபடம் 2004இல் தொடங்கியதும் இங்கிலாந்தில்தான், பொதுப்பாதைகளைக் குறித்து வைக்கிற அந்த ஊர்ப் பழக்கத்துக்கு அது இயல்பான வாரிசு. அங்கே பொதுப்பாதை வரைபடத்தில் ஏறிய தடத்தை நிலக்காரர் தன்னிச்சையாக அடைக்க முடியாது. இங்கே வரைபடத்தில் ஏறிய தடத்துக்கு முதலில் வருவது ரிசார்ட்டா, தடுப்புக் கட்டையா, ஆம்புலன்ஸா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவை இன்னும் என் போனிலேயே இருக்கின்றன.

மலையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலவச சைக்கிளில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கியர் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். கிரீஸ் புகைய இறங்கிய கலிபோர்னியா இளைஞர்களுக்கு இவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இவர்கள் போவது பந்தயத்துக்கு இல்லை, வேதியியல் பிராக்டிகலுக்கு. அந்தத் தடம் முதலில் இவர்கள் கிராம சபையின் பெயரில் பதிவாகட்டும். என் பதிவுகளை ஏற்றுவதா வேண்டாமா என்று அந்தச் சபை சொல்லட்டும்.