‘இந்தியா’ புதுவைக்கு வந்த கதை

புதுவையின் குருசுக்குப்பத்திலிருந்து பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தர்மராசா கோயில் வீதி நடக்கிற தூரம்தான். கவிஞரின் வீடு என்று பார்த்துவிட்டுப் போகிறோம். அவர் இங்கே வந்தது பத்திரிகைக்காரராக.

1906இல் சென்னையில் மண்டயம் குடும்பத்தார் தொடங்கிய வார இதழ் ‘இந்தியா’. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதன்முதலில் பழக்கியது அதுவே. படத்துக்கான கருத்தையும் கீழே வரும் விளக்கத்தையும் பாரதியார் தந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும்; வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எரிச்சல் மூண்டதில் வியப்பென்ன?

1908இல் வழக்கு வந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் எம். சீனிவாசன். ஐந்தாண்டுத் தண்டனை அவருக்கு விழுந்தது. பாரதியார் புதுவைக்கு வந்துவிட்டார். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சீனிவாசனை நாம் மறந்ததுதான் உறுத்துகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் ‘இந்தியா’ இங்கிருந்து மீண்டும் வந்தது. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் செல்லும். ஆங்கிலேயப் போலீஸ் அச்சுக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஆனால் சந்தாதாரர் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். அச்சகத்தைத் தொட முடியாதவர்கள் தபாலைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை விழுந்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. கேலிச்சித்திரங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்றொரு பத்திரிகை நடத்தும் யோசனையும் பாரதியாருக்கு இருந்தது, அது வெளிவரவேயில்லை.

ஆக, 1914இல் உலகப் போர் மூண்டபோது அவர் கையில் சொந்தப் பத்திரிகை இல்லை. ஜெர்மனி மிதித்த பெல்ஜியத்துக்காக ஒரு பாட்டு எழுதினார். இங்கிருந்து பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் போரில் பிரான்சுக்காக மாண்டவர்களுக்கு 1938இல் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் எழுந்தது. போரைச் சாடும் பாட்டு வேண்டுமென்றால் நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பாரதிதாசனிடம்தான் போகிறார்கள். அவரும் இந்த ஊர்க்காரர், பாரதியாரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர்.

‘இந்தியா’வின் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்றை இம்மலருக்கு எடுத்துக்கொண்டோம். படத்தின் கீழே பாரதியார் பெயரோடு எம். சீனிவாசன் பெயரையும் அச்சுக்கோக்கச் சொல்லியிருக்கிறோம்.