மட்டாஞ்சேரியின் பரதேசிகளும் நாமும்

தமிழ்நாட்டில் ஒருவரைப் ‘பரதேசி’ என்று சொல்லிவிட்டால் அவர் சண்டைக்கு வந்துவிடுவார். மட்டாஞ்சேரியிலோ அது ஒரு வழிபாட்டுத் தலத்தின் பெயர். 1983-இல் நெல்லைச் சீமையிலிருந்து ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுத வந்து சேர்ந்த நான், யூதத் தெருக் கோடியில் இருப்பது ‘பரதேசிப் பள்ளி’ என்று கேட்டதும் சிரித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கேரளத்தில் அச்சொல்லுக்குப் பிற தேசத்திலிருந்து வந்தவர் என்பதே பொருள் என்று. தமிழ்ப் பிராமணரையும் இங்கே பரதேசிப் பிராமணர் என்றே அழைத்திருக்கிறார்கள். ஆக, நானும் ஒரு பரதேசிதான்!

வந்தவரை வாழவைத்த மண் இது என்பதற்குச் சான்று அந்தப் பள்ளியிலேயே இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேரமன்னன் பாஸ்கர ரவி, யூத வணிகத் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடுகள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. எழுத்து நம் வட்டெழுத்து. அஞ்சுவண்ணமும், பகல்விளக்கு, பாவாடை, குடை, பல்லக்கு முதலான 72 உரிமைகளும் அதில் அவனுக்குக் கொடுக்கப்படுகின்றன. யாருக்கெல்லாம் அவ்வுரிமை செல்லும் என்ற வரிசையில், மக்களோடு மகளை மணந்த மருமகனும் இடம்பெறுகிறான் என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்தச் செய்திக்கு மீண்டும் வருவேன்.

கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதர், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தொல்லையால் கொச்சிக்கு நகர்ந்தனர். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கு, கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் அளித்தார். 1568-இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. 1662-இல் போர்த்துக்கீசியர் அதைச் சிதைத்தனர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் அது புதுப்பிக்கப்பட்டது. டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹபி 1760-இல் மணிக்கூண்டு கட்டினார். தரையில் பதித்த சீனத்து நீலவண்ண ஓடுகளைக் காண இன்றும் கூட்டம் வருகிறது.

ஆனால் அரசன் திறந்து வைத்த கதவுக்குள்ளே, வந்தவர்கள் தாமே ஒரு கதவை அடைத்தார்கள். பிந்தி வந்த பரதேசி யூதர், முன்பே இம்மண்ணில் வேரூன்றிய மலபாரி யூதரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரைப் பள்ளிக்குள் இருக்கையில் அமரவிடாமல் தரையிலும் படிக்கட்டிலும் இருத்தினர். அந்த வழியில் பிறந்தவர்தான் ஏ. பி. சாலம் (1882–1967). சென்னையில் படித்து வழக்கறிஞரானவர், கொச்சிச் சட்டசபையில் இருந்தவர், காந்தியத்தில் ஊறியவர். தம் சொந்தப் பள்ளியிலேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. இன்று யூதத் தெருவுக்கு அவர் பெயர்.

1948-இல் இஸ்ரேல் பிறந்தது. ஐம்பதுகளில் மலபாரி யூதரும், அவர்களைத் தொடர்ந்து பரதேசிகளும் கப்பலேறினர். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் முறை. ஒரு காலத்தில் படிக்கட்டில் உட்கார்த்தியவர்களின் வழிவந்தோரையும் சேர்த்து எண்ணினாலும் பத்துப்பேர் தேறாத நிலை வந்தது. தையல் வேலைக்குப் பெயர்பெற்ற சாரா கோஹன் அம்மையார் 2019-இலும், குவீனி ஹலேகுவா அம்மையார் 2024-இலும் மறைந்தனர். அக்குடி கரைந்ததற்குப் படிக்கட்டுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளவரையே எண்ணாத சமூகம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி அத்தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஃபோர்ட் கொச்சி வெளியில், நம்மவர் இருக்கிறார்கள். டச்சுக்காரர் தம் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் குலத்தார் என்பது வழிவழிச் செய்தி. அவர்களுக்கு அரசர் செப்பேடு தரவில்லை. கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிக்குள் துணி நுனியைச் செருகிக் காயவைத்து, சிரட்டைக் கரிப் பெட்டியால் தேய்த்தே தலைமுறைகளைக் கடந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவரிடம், “உங்களுக்கு எந்த ஊரு, ஐயா?” என்று கேட்டேன். “நமக்கு ஊரு இதுதான் சார். பேச்சு மட்டுந்தான் அங்கேருந்து வந்தது” என்றார். நாற்பது ஆண்டாக ‘ஊருக்குப் போறேன்’ என்று சொல்லிக்கொண்டே இங்கு வாழும் எனக்கு அந்தப் பதில் சுருக்கென்றது.

இனி என் வீட்டுக் கதை. என் மகள் மணந்தது ஒரு மலையாளியை. பேத்தி வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தமிழ் அமைப்பின் பேச்சுப் போட்டிக்கு அழைத்துப்போனேன். “அப்பா தமிழரா?” என்று கேட்டுப் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். “தாத்தா, அப்போ நான் யாரு?” என்று கேட்டாள் குழந்தை. திரும்பும் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை.

நம் சங்கத்துப் பொதுக்குழுவிலும் இக்கேள்வி வரும்; வந்தே தீரும். அன்று அன்பர்கள் அந்தச் செப்பேட்டை நினைக்க வேண்டுகிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன், வட்டெழுத்தில், மகளுக்கும் மருமகனுக்கும் இடம் வைத்து எழுதியிருக்கிறார்கள். நம் உறுப்பினர் படிவத்திலும் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் என்ன?