கம்பியில் இறங்கிய கொழுந்து

1885இல் இலங்கையின் நானுஓயாவை எட்டிய ரயில்பாதை வட்டகொடை வழியாகத்தான் மலையேறியது. சரிவு என்றால் என்னவென்று வட்டகொடைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சரிவை நம்பித்தான் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் தேயிலைக் கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் கொக்கி மாட்டி இறக்கினார்கள். எஞ்சின் வேண்டாம்; சாக்கின் எடையே போதும். அந்தக் கம்பியின் சிறு மாதிரியை லயத்து வாசலிலும் கட்டலாம்: இரண்டு கம்பு, இழுத்துக் கட்டிய நூல், தீப்பெட்டி, கொக்கியாக வளைத்த ஊக்கு. நூலை இன்னும் சாய்த்தால் ஓட்டம் கூடும். பெட்டிக்குள் சிறு கல்லைப் போட்டாலோ, வேகம் பெரிதாக மாறாது! சாய்பலகையில் பந்து உருட்டி இதே ஓட்டத்தை அளந்த கலிலியோ, 1638இல் அதைப் புத்தகமாக்கினார்.

இந்தியாவின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டமும் கையருகே கிடைத்த பொருள்களைத்தான் நம்பியது. அங்கே போன பொறியாளர் அர்விந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் கொண்டு பொம்மை செய்யத் தொடங்கினார்.