கறுத்த வாழைப்பழத்தின் கதை

பேரப்பிள்ளைகள் பனானா பிரெட் என்று சொல்வதைக் கேட்டு, ஜாம் தடவிச் சாப்பிடும் ரொட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ரொட்டி செய்யும் நீளமான தகர அச்சில் வேகவைப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ருசியிலும் பதத்திலும் அது கேக்கின் உறவு. தோல் கறுக்கும் அளவு கனிந்த பழத்தை மசித்து, மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, சமையல் சோடா சேர்த்து, ஓவனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்து எடுப்பார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது, வீட்டில் அடைபட்டவர்கள் பல நாடுகளில் இதைச் செய்து பார்த்தார்கள்.

அமெரிக்காவில் இதைப் பாட்டி காலத்துப் பண்டம் என்பார்கள். ஆனால் இன்று நாம் அறியும் வடிவில் இது வீடுகளில் பரவியது 1930-களில்தான். அதற்கு மூன்று சங்கதிகள் ஒரே அடுப்படியில் வந்து சேர வேண்டியிருந்தது. ஒன்று சோடா, இரண்டு மலிவான வாழைப்பழம், மூன்றாவது பணத்தட்டுப்பாடு.

முதலில் சோடா. அந்தக் காலத்தில் ரொட்டி மாவு பொங்க ஈஸ்ட் வேண்டும். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஒருவகை உப்பைப் போட்டால் மாவு சீக்கிரம் பொங்கும் என்பதை அமெரிக்கப் பெண்கள் அறிந்திருந்தார்கள். 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் எழுதி அச்சான சமையல் நூலில் அந்தச் சாம்பல் உப்பு வருகிறது. 1846-ல் சர்ச், டுவைட் என்ற இருவர் நியூயார்க்கில் சமையல் சோடாவைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். சோடாவுடன் புளிப்புள்ள பொருள் சேர்ந்தால் வாயு கிளம்பி மாவு உப்பும். வாழைப்பழத்தில் இலேசான புளிப்பு உண்டு. அதனால் சோடாவும் பழமும் நல்ல ஜோடி. சோடா கூடிவிட்டால் மட்டும் சோப்பு வாடை அடிக்கும்.

அடுத்தது பழம். நமக்குக் கொல்லையில் காய்ப்பது அவர்களுக்கு அதிசயப் பொருளாக இருந்தது. 1870-ல் லொரென்சோ டவ் பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து வாழைத்தார்களை ஏற்றிவந்து விற்று லாபம் பார்த்தார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகத் தாளில் சுற்றிப் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். அதே காலத்தில் கோஸ்டாரிகாவில் ரயில் பாதை போட்ட மைனர் கீத், பாதையோரம் வாழை பயிரிட்டார். பேக்கர் தொடங்கிய வியாபாரமும் கீத்தின் தோட்டங்களும் 1899-ல் ஒன்றாகி யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி உருவானது. குளிரூட்டிய கப்பல்களில் தார் தாராக வந்து இறங்கியதில், கண்காட்சிப் பொருளாக இருந்த பழம் கூலித் தொழிலாளியும் வாங்கும் பழமாயிற்று.

மூன்றாவது, பணத்தட்டுப்பாடு. 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, வேலையின்மை நாடெங்கும் பரவியது. கறுத்த பழத்தைக்கூடத் தூக்கிப்போட மனம் வராத காலம் அது. பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதனால் வெறுமனே சாப்பிட ஆகாத பழம் மாவில் பிசைய ஏற்றது. 1933-ல் பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனம் வெளியிட்ட சமையல் நூலில் பனானா பிரெட் செய்முறை இடம்பெற்றது. மாவு விற்பவருக்கு மாவு விற்கவேண்டும், பழம் விற்பவருக்குப் பழம் விற்கவேண்டும், இல்லத்தரசிக்கு எதுவும் வீணாகக் கூடாது. மூவரின் கணக்கும் இந்த ஒரு பண்டத்தில் ஒத்துப்போயிற்று. 1950-ல் வாழைக் கம்பெனியே தன் சிக்கீட்டா முத்திரையோடு சமையல் நூல் ஒன்றை வெளியிட்டது.

அந்தப் பழம் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். 1928 டிசம்பரில், கொலம்பியா நாட்டின் சியேனகா என்ற ஊரில் யுனைடெட் ஃப்ரூட் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது வாராந்திர ஓய்வும், கம்பெனிக் கடைச் சீட்டுக்குப் பதிலாக ரொக்கக் கூலியும் போன்றவைதான். கூடியிருந்தவர்கள் மீது ராணுவம் சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967-ல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் வரும் வாழைத்தோட்டப் படுகொலைக்கு இதுவே மூலம். பில்ஸ்பரி நூல் வெளிவந்தது இதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து. வீட்டில் ஒரு பழமும் வீணாகக் கூடாது என்று பார்த்த அமெரிக்கத் தாய்க்கு சியேனகாவைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. விலை குறைந்ததன் பாரத்தைச் சுமந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

வாசனைக்குச் சேர்ப்பவற்றிலும் இதே கதைதான். இன்று பனானா பிரெட்டில் வனிலா எசென்ஸ் விடாதவர் குறைவு. வனிலாக் கொடி மெக்சிகோவைச் சேர்ந்தது. வேறு நாடுகளில் நட்டால் பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. 1841-ல், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் மெல்லிய குச்சியால் பூவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். அந்தத் தீவு வனிலாவால் செழித்தது. விடுதலைக்குப் பின் எட்மண்ட் அல்பியஸ் எனப் பெயர் பெற்ற அவர், 1880-ல் ஏழையாகவே இறந்தார். இன்றும் தோட்டங்களில் பூப்பூவாகக் கையால்தான் அதைச் செய்கிறார்கள். சிலர் சேர்க்கும் ஜாதிக்காய்க்காக டச்சுக்காரர்கள் 1621-ல் பாண்டா தீவு மக்களைக் கொன்று குவித்ததும் வரலாற்றில் உண்டு.

இன்னொரு விவரமும் உண்டு. 1930-களின் பனானா பிரெட் குரோ மிஷேல் என்ற ரகத்தில் செய்தது. பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்ததால், 1960-களுக்குள் ஏற்றுமதி வியாபாரம் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறியது. நம் கடைகளில் மோரிஸ், பச்சைப்பழம் என்று விற்பது இந்தக் குடும்பமே. ஆக, பழைய செய்முறையைச் சொட்டுப் பிசகாமல் செய்தாலும், அன்றைய பழத்தின் ருசி இன்று வராது.

கனிந்த பழத்தை மாவில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. கார்த்திகைக்குச் செய்யும் அப்பத்தில் அரிசிமாவு, வெல்லம், ஏலக்காயோடு பழம் மசித்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஓவனுக்குப் பதில் குழிக்கல், வெண்ணெய்க்குப் பதில் நெய். வீட்டில் பிள்ளைகள் பனானா பிரெட் செய்யும்போது வனிலாவுக்குப் பதிலாக இரண்டு ஏலக்காய் தட்டிப் போடச் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே பொருந்தும். வேகும் அந்த ஒரு மணி நேரத்தில் சியேனகாவையும் எட்மண்டையும் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள்.